ஜீன்ஸ் போட்ட கூரோஸ்: உச்சிப்புளியிலிருந்து திருப்புல்லாணி வரை

கிரீஸ் போய்வந்து இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் யாரும் சீண்டாத பதிவு கூரோஸ் சிலைகளைப் பற்றியதுதான். விசா, சாப்பாடு, கடற்கரை என்று எழுதினால் கூட்டம் கூடுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கல் இளைஞர்களைப் பற்றி எழுதினால் என் தங்கை மட்டும் ஒரு இதயப் படம் போட்டுவிட்டுப் போகிறாள். அப்படிக் கிடந்த பதிவுக்கு ஆறு மாதம் கழித்து, பொங்கல் முடிந்த வாரத்தில், ஒரு கருத்து வந்தது. "டீச்சர், இதே மாதிரி ஒண்ணு எங்க ஊர்ப் பக்கம் ஒரு கொட்டகையில நிக்கிது. அதால வீட்டுல பெரிய பிரச்சினை. நீங்க ஒரு தடவை வந்து பாக்க முடியுமா?" எழுதியவர் பெயர் முனீஸ், ஊர் ராமநாதபுரம் பக்கம் என்று இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அழகன்குளத்தில் ரோமானியர் காலத்துப் பானை ஓடுகள் கிடைத்த கடற்கரை அது. அங்கே ஒரு கிரேக்கச் சிலை கிடைத்திருந்தால்? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற ஒருத்தி அதை முதலில் அடையாளம் கண்டால்? தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்க என்ன புடவை கட்டுவது என்பதுவரை யோசித்துவிட்டேன். படம் அனுப்பச் சொன்னதற்கு, "நேர்ல பாத்தாத்தான் புரியும் டீச்சர்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிவைப் படிக்காதவர்களுக்காக (அதாவது உங்கள் எல்லோருக்காகவும்) சுருக்கமாகச் சொல்கிறேன். கூரோஸ் என்றால் இளைஞன். பழைய கிரேக்கச் சிற்பிகள் சலவைக்கல்லில் நிறுத்திய ஆண் உருவம். உடம்பில் துணி இருக்காது. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும். இடது கால் ஒரு எட்டு முன்னால் இருக்கும்; ஆனால் நடப்பதில்லை, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருக்கும். உதட்டில் எதற்கென்றே தெரியாத ஒரு சின்னச் சிரிப்பு. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி என்று சொல்வார்கள். நான் ஒவ்வொன்றின் முன்னாலும் கால் கடுக்க நின்றேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் சனிக்கிழமை காலை ஆறு மணிப் பேருந்து. ராமநாதபுரம் ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். நான்கு வழிச் சாலை என்பதால் பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியும் ஒன்பது மணிக்குள் போய்விட்டோம். ரயிலில் போனால் செலவு குறைவு, ஆனால் வார இறுதியில் ராமேஸ்வரம் போகிற கூட்டத்தில் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். என் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது.

பேருந்து நிலையத்துக்கு முனீஸ் ஆட்டோவோடு வந்திருந்தார். இருபத்தேழு வயசு, சரக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஆட்டோவை ஓட்டியவர் அவருடைய பள்ளித் தோழர் சீனி, புதுமடத்துக்காரர். சவூதியில், தம்மாமில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொந்தமாக ஆட்டோ வாங்கியவர். இரண்டு நாளைக்கும் சேர்த்து இரண்டாயிரம் என்று பேசிக்கொண்டேன். "சிலை பாக்க மதுரையில இருந்து வந்துருக்கீக. மதுரையில இல்லாத சிலையா டீச்சர்?" என்று ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குச் சற்று முன்னால், சாலையை ஒட்டி, தகரக் கொட்டகை ஒன்று. வாசலில் வண்ணம் பூசாத சிமெண்ட் குதிரை ஒன்று கழுத்தைத் தூக்கி நின்றது. உள்ளே கோபுரப் பொம்மைகள், பாதி முடிந்த ஒரு காளை, மூலையில் சாக்குப் போர்த்திய ஆளுயர உருவம். சிலைக்காரர் காளிமுத்து சாக்கை உருவினார்.

நான் சிலையைப் பார்த்தேன். திரும்பி முனீஸைப் பார்த்தேன். மறுபடி சிலையைப் பார்த்தேன்.

இடது கால் முன்னால் இருந்தது. பாதம் இரண்டும் பதிந்திருந்தன. கைகள் ஒட்டி, விரல்கள் மடங்கி, உதட்டில் அந்தச் சிரிப்பு. நிற்பது அசல் கூரோஸ்தான். ஆனால் முகம் முனீஸ். நீல ஜீன்ஸ், சிவப்பு டி-ஷர்ட், இடது கையில் கடிகாரம். கடிகாரத்தில் முள்கூட வரைந்திருந்தது. என் பேட்டிப் புடவை மனசுக்குள்ளேயே மடிந்து பெட்டிக்குள் போய்விட்டது.

நடந்தது இதுதான். கப்பல் கிரீஸில் நின்றபோது ஒருநாள் ஊருக்குள் போக முனீஸுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, இவர் வெயிலுக்கு ஒதுங்கி ஏதென்ஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்திருக்கிறார். அங்கே பத்தடி உயரக் கூரோஸ் ஒன்று. "முத நாள் கேப்டன் முன்னாடி நான் நின்னது மாதிரியே நிக்கிறாரு டீச்சர். பயம் உள்ள இருக்கு, மூஞ்சியில காட்டல" என்றார் முனீஸ். நான் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அதன் பக்கத்தில் அதே மாதிரி நின்று படம் எடுத்திருக்கிறார். சிலையைப் போல நின்று படம் எடுக்கக் கூடாது என்று காவலுக்கு இருந்த அம்மாள் சத்தம் போட்டிருக்கிறார். அதற்குள் படம் விழுந்துவிட்டது.

ஊரில் புது வீடு கட்டி முடிகிற நேரம். வாசலில் அந்தக் கல் இளைஞனைப் போல ஒன்று வைக்க ஆசைப்பட்டு, கப்பலிலிருந்தே பெரியப்பா மகனுக்குப் படத்தை அனுப்பி, காளிமுத்துவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். காளிமுத்துவுக்குக் குதிரைக்கு அடுத்தபடியாக அதிகம் வருகிற வேலை, இறந்தவர்களைப் படத்தைப் பார்த்துச் சிலையாகச் செய்வது. தோப்பிலும் வயலிலும் குடும்பத்தார் வைத்துக் கும்பிடுகிற சிலைகள்.

"போட்டோ குடுத்தா அது இல்லாதவுக போட்டோதான் டீச்சர். இருக்கிறவன் எவன் சிலை கேக்கிறான்?" என்றார் காளிமுத்து. "பக்கத்துல அம்மணமா ஒருத்தர் நிக்கிறாரு, அது ஏதோ வெளிநாட்டுச் சாமின்னு நெனச்சேன். அதையா குடும்பம் இருக்கிற வீட்டு வாசல்ல வைப்பாக? தம்பிதான் போயிட்டாருபோல, பாவம் சின்ன வயசுன்னு, பாத்துப் பாத்துச் செஞ்சேன். ஒரு நா இவரு எதுத்தாப்புல வந்து நின்னாரு. சாந்துக் கரண்டி எங்கன விழுந்துச்சின்னே தெரியல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முனீஸ் சிரிக்கவில்லை. குனிந்து சிலையின் பீடத்தைக் காட்டினார். பீடத்தில் சிமெண்டில் எழுத்து எடுத்திருந்தது. முதல் வரியில் 'தோற்றம்' என்று போட்டு அவருடைய பிறந்த தேதி. இரண்டாவது வரியில் 'மறைவு' என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தது. பெரியப்பா மகனிடம் கேட்டதில் பிறந்த தேதி மட்டும் கிடைத்ததாம், மற்றது அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று காளிமுத்து விட்டாராம்.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா இதைப் பாத்துருச்சு டீச்சர்" என்றார் முனீஸ். "அந்த வெத்து இடத்தைப் பாத்துட்டு இங்கனயே உக்காந்துருச்சு. இப்ப கப்பலுக்கே போகக் கூடாதுங்குது. புதன்கிழமை கப்பலேற நான் சென்னையில இருக்கணும். போகலைன்னா என் வேலை வேற ஆளுக்குப் போயிரும். வீட்டுக் கடன் முழுசா நிக்கிது."

சிலையை உடைத்துவிடலாமே என்றேன். மகன் முகத்தில் சுத்தியல் விழக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாராம். கடலில் போடலாம் என்று சேதுக்கரையைச் சொன்னவரை, திதி கொடுக்கிற துறையிலா என் பிள்ளையைப் போடச் சொல்கிறாய் என்று விரட்டிவிட்டாராம். மீசை வைத்து ஏதாவது தலைவராக மாற்றி விற்றுவிடலாம் என்பது காளிமுத்துவின் யோசனை. அதற்கு முனீஸே ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க படிச்சவுக. அந்த ஊருக்கே போயி பாத்தவுக. இது சும்மா அழகுக்கு வைக்கிற சிலைதான், வேற ஒண்ணுமில்லன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் முனீஸ். சரி என்று தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. கூரோஸ் சிலைகளில் பாதி, அகாலத்தில் செத்துப்போன இளைஞர்களின் கல்லறைமேல் நின்றவை. என் பதிவிலேயே அதை எழுதியிருக்கிறேன். பாதிப் பதிவுக்குமேல் முனீஸ் படிக்கவில்லை போலிருக்கிறது.

உச்சிப்புளியிலிருந்து திரும்பவும் ராமநாதபுரம் போகாமல் கடற்கரைப் பாதையில் புதுமடம், பெரியபட்டினம் வழியாகத் திருப்புல்லாணி போனோம். பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இந்தப் பாதைதான். இரண்டு பக்கமும் பனையும் தென்னையும், இடது கைப் பக்கம் அவ்வப்போது கடல் தெரிந்து மறையும். புதுமடத்தில் சீனிக்குத் தெரிந்த ஒரு சின்னக் கடையில் மதியச் சாப்பாடு. ஊளி மீன் குழம்பு, ஒரு சாப்பாடு நூற்றிருபது ரூபாய். "எங்க வீட்டுல சிலையே வைக்க மாட்டோம் டீச்சர். இந்தத் தொல்லையே வராது" என்று சீனி முனீஸைச் சீண்டினார். பிறகு, "அத்தாவும் பிள்ளையுமா நாங்க தம்மாமுக்குப் போனப்ப எங்க உம்மா பட்டதைத்தான் இவன் அம்மாவும் படுது. அதுல எல்லா வீடும் ஒண்ணுதான்" என்றார்.

திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், மூன்றரைக்கு மேல் போங்கள். இங்கே ராமர் தர்ப்பைப் புல்லின்மேல் படுத்திருக்கிறார். வில் எடுத்து நிற்கிற ராமரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு நிம்மதி. கடலைத் தாண்ட வழி கேட்டுக் கடல் அரசனுக்காகக் காத்துக் கிடந்த இடம் என்கிறார்கள். நான் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து, பொய் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். முடிவு ஒன்றும் வரவில்லை.

முனீஸின் வீடு அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். அம்மா பஞ்சவர்ணம் மிளகாய்க் கொல்லையில் களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள், குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது. காப்பி கொடுத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நேராகவே கேட்டார்.

"அந்த மாதிரிச் சிலைய அவுக ஊர்ல எங்கன வச்சிருந்தாக டீச்சரம்மா?"

முனீஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழகுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நிறையச் சிலை கல்லறை மேலதாம்மா நின்னுச்சு. சின்ன வயசுல செத்துப்போன பசங்களுக்காக."

"அய்யோ டீச்சர்" என்று முனீஸ் எழுந்து வெளியே போய்விட்டார். பஞ்சவர்ணம் அசையவில்லை. "நெனச்சேன்" என்றார். "பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. எல்லாரும் என்னைப் பைத்தியக்காரியாட்டம் பாத்தாக." ஓரத்தில் கிடந்த மகனின் போனை எடுத்து நீட்டினார். "இந்தா, இவன் பக்கத்துல நிக்கிறானே ஒரு நெட்டையன், இவன் எந்தக் கல்லறையில நின்னவன்?"

ஏதென்ஸில் எடுத்த அந்தப் படத்தை அப்போதுதான் நான் பார்த்தேன். முனீஸ் அந்தச் சிலையின் இடுப்பு உயரத்துக்கு இருந்தார். சிதைந்த கன்னம், திருகு திருகான முடி. எனக்குத் தெரிந்தவர்தான். ஏதென்ஸுக்குத் தெற்கே சூனியோன் என்ற கடல்முனை, அங்கே கடல் தெய்வத்தின் கோயிலில் நின்றவர்.

"இது கல்லறையில நின்னது இல்லம்மா. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு மேடு, அது மேல கடல் சாமி கோயில். கப்பல்ல போறவங்களுக்குத் தூரத்துல இருந்தே தெரியும். அந்தச் சாமிக்குக் காணிக்கையா நிறுத்துனது."

"யாரு நிறுத்துனா?"

"யாருன்னு தெரியாது. எதுக்கு வேண்டிக்கிட்டாங்கன்னும் தெரியாது."

அவர் போனைத் திரும்ப வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டார்: "அப்ப இது உருவாரம்ல?"

இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உருவாரம் என்றால் வேண்டுதலுக்காக அய்யனார் கோயிலில் வைக்கிற மண் உருவம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் குழந்தை உருவம், கால் முறிந்தால் கால் உருவம், மாட்டுக்கு நோய் என்றால் மாடு. யாருக்காக வைக்கிறோமோ அவர் உயிரோடு இருப்பார், இருக்க வேண்டும் என்றுதான் வைப்பது. என் பதிவில் கல்லறை, காணிக்கை என்று இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதியவள் நான். அய்யனார் கோயில்களை எத்தனையோ தடவை வரைந்தவளும் நான்தான். இரண்டும் எனக்குள் சந்தித்துக்கொண்டது அந்த நிமிஷம்தான், ஒரு காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏலே, உள்ள வா" என்று மகனைக் கூப்பிட்டார். "காளிமுத்துக்குப் போன் போடு. அந்த எழுத்துப் பலகை வேணாம், பீடத்தையே எடுத்துரச் சொல்லு. காலு தரையில இருக்கட்டும். நாளைக்குக் காலையில கண்மாய்க்கரை அய்யனாருக்குக் கொண்டுபோறோம்." கப்பலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. முனீஸும் கேட்கவில்லை.

அன்றிரவு ராமநாதபுரத்தில் தங்கினேன். பேருந்து நிலையம் பக்கம் எண்ணூறு ரூபாய்க்குச் சுமாரான அறை கிடைக்கும், கொசுவத்தி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் கொட்டகைக்குப் போனபோது சிலையைக் குட்டியானை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். வைக்கோல் பரப்பி, மல்லாக்கப் படுக்க வைத்து, தூசி படாமலிருக்க முகத்தில் துண்டு போட்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் பார்த்தார். "எந்திரிக்க வைங்கடா!" என்று போட்ட சத்தத்தில் சாலையில் போன இரண்டு சைக்கிள்கள் நின்றுவிட்டன.

நான்கு பேர் தூக்கி நிறுத்திக் கயிறு கட்டினார்கள். ஆடாமலிருக்க முனீஸ் பக்கத்தில் நின்று அதன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரும் அதே சிவப்பு டி-ஷர்ட்தான் போட்டிருந்தார். திருப்புல்லாணி வரைக்கும் இரண்டு முனீஸ்கள் நின்றுகொண்டே போனதைப் பெரியபட்டினம் கடைத்தெருவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "எது அசலு, எது சிமெண்டு?" என்று ஒருவர் கத்தினார். "சிரிக்கிறது சிமெண்டு!" என்று சீனி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பதில் சொன்னார். வண்டியின் முன்னிருக்கையில் இருந்த பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

கோயில் ஒரு கண்மாய்க்கரையில், மரங்களுக்கு நடுவில். வரிசையாக மண் குதிரைகள், புதுசும் பழசுமாக. சிலது காலில்லாமல், சிலது கழுத்தில்லாமல். குதிரைகளுக்கு நடுவில் ஒரு போலீஸ்காரர் உருவம்கூட இருந்தது, ஆகவே ஜீன்ஸுக்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. மண் உருவங்களைச் செய்கிற குயவரும் பூசாரியுமான வேளார் மட்டும் தயங்கினார். சிமெண்டு என்பதற்காக அல்ல.

"யாருக்கும்மா சொகமில்ல? வேண்டுதல் இல்லாம உருவாரம் வைக்க முடியாதே" என்றார்.

முனீஸ் ஏதோ சொல்ல வந்தார். பஞ்சவர்ணம் கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாரும் சொகம்தான். இவன் கடலுக்குப் போறான். பத்திரமாப் போயிட்டு வரணும். அதான் வேண்டுதல்" என்றார். அம்மா தன்னைப் போகச் சொல்லிவிட்டார் என்பது முனீஸுக்கு அப்படித்தான் தெரிந்தது. குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

குழி தோண்டி, அடிக்கம்பியை மட்டும் புதைத்து, பாதம் தரைமேல் பதிய நிறுத்தி, மாலை போட்டார்கள். காளிமுத்து இன்னொரு கோட்டிங் அடித்தால் மழைக்குத் தாங்கும், இருபது வருஷத்துக்குப் புதுசு மாதிரியே இருக்கும் என்று டப்பாவைத் திறந்தார். பஞ்சவர்ணம் வேண்டாம் என்றுவிட்டார். "இதுக்கு வயசாகட்டும். இவனுக்கும் வயசாகணும்ல."

ஏதென்ஸில் நான் பார்த்த அத்தனை இளைஞர்களும் இளைஞர்களாகவே நிற்கிறார்கள். அதுதான் அவர்களின் அழகு என்று எழுதியிருந்தேன். இப்போது எழுதினால் அப்படி எழுத மாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: இந்தக் கோயிலின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒருவரின் வேண்டுதலுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க நான் வழிகாட்ட மாட்டேன். ஆனால் திருப்புல்லாணியைச் சுற்றி எந்தக் கண்மாய்க்கரைக்குப் போனாலும் குதிரைகளைப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், உடைந்து கிடப்பதை எடுக்காதீர்கள். உச்சிப்புளி, புதுமடம், பெரியபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கலாம். தை, மாசி நல்லது. பங்குனிக்கு மேல் வெயில் தாங்காது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தனுஷ்கோடிக்கும் போவதாக இருந்தால் இன்னொரு நாள் ஒதுக்குங்கள், இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் மனசில் நிற்காது.

இதை எழுதி முடித்து வெளியிடாமல் வைத்திருந்தேன். போன வாரம் முனீஸிடமிருந்து குரல் பதிவு வந்தது. ஏதோ துறைமுகத்திலிருந்து, பின்னால் காற்று இரைச்சல். நடுக்கடலில் நல்ல புயலாம், பதினோரு நாள் போனில் சிக்னலே இல்லையாம். முன்பெல்லாம் இரண்டு நாள் பேசாவிட்டாலே அம்மா சாப்பிடாமல் கிடந்து, கப்பல் கம்பெனிக்கு ஆள் மேல் ஆள் விட்டுப் போன் போட்டுவிடுவார். இந்தத் தடவை என்ன ஆகியிருக்குமோ என்று பயந்துகொண்டே வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"எடுத்த எடுப்புல, 'அம்மா, நான் நல்லா இருக்கேன்'ன்னேன் டீச்சர். அதுக்கு அம்மா சொல்லுது: 'தெரியும்லே. நேத்துக்கூடப் போயி பாத்துட்டுத்தான் வந்தேன். நல்லாத்தான் நிக்கிற.'"